தேடுபெட்டிக்குச் சந்தி தெரியாது

எதிர்வீட்டுப் பெரியம்மா தை மாதம் ஒருநாள் காலையில் போனும் கையுமாக வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். அவர் மகன் குடும்பத்தோடு ஜெர்மனியில் இருக்கிறார். பேத்திக்கு ஏழு வயது. பாட்டி பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் ஜெர்மன் மொழியில் வரும். தமிழில் ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது.

“ஏம்மா, முப்பது வருஷம் லைப்ரரியில இருந்தவ நீ. புள்ளைக்கு அ, ஆ கத்துக்க நெட்டுலேருந்து ஏதாவது எடுத்துக் குடேன்.”

நான் பாபநாசம் பக்கம் ஊர்ப்புற நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊரில் இன்றும் லைப்ரரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். அந்தத் தைரியத்தில் போனை வாங்கி “தமிழ் கற்க” என்று தட்டினேன். டிஎன்பிஎஸ்சி பொதுத்தமிழ் வினா விடை வந்தது. இன்னொரு தளத்தில், 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரில் இருந்த போப் ஐயர், வெள்ளைக்காரர்கள் தமிழ் படிப்பதற்காக எழுதிய கைந்நூல் வந்தது. ஏழு வயதுப் பிள்ளைக்கு! மூன்றாவது தளத்தில் பச்சை நிறத்தில் பெரிதாக ‘டவுன்லோடு’ என்று இருந்ததை அழுத்தினேன். புத்தகம் வரவில்லை. பெரியம்மா போனில் கேட்காத ஆப் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு, அன்று முழுக்க விளம்பரம் காட்டியது.

அப்புறம் ஒரு வாரம், மத்தியான வேளைகளில், எங்கள் மாடியில் டவர் கிடைக்கும் மூலையில் உட்கார்ந்து இந்த வித்தையைப் படித்தேன். அதைத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் எங்கோ ஒரு நாட்டில்தானே இருக்கிறார்கள்.

முதலில் பெட்டியைச் சோதியுங்கள்

ஒரு தளத்தின் தேடுபெட்டியில் வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால், அங்கே நிச்சயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கேளுங்கள். புது ஆள் வேலைக்கு வந்தால் தெரிந்த வேலையைக் கொடுத்துத்தானே கையைப் பார்ப்போம்?

நான் எல்லாத் தளத்திலும் ஆத்திசூடியை வைத்துத்தான் பார்ப்பேன். முதலில் முழுச்சொல்லையும் தட்டுவேன். வந்துவிட்டால், அடுத்து “ஆத்தி” என்று பாதியை மட்டும். பாதிக்கும் வந்தால் அந்தப் பெட்டி சொல்லின் துண்டையும் தேடும் என்று அர்த்தம். பாதிக்கு ஒன்றும் வராவிட்டால் முழுச்சொல்லை மட்டும்தான் அதற்குப் பொருத்திப் பார்க்கத் தெரியும். அங்கே “கதை” என்று கேட்டால் “கதைகள்” கிடைக்காமல் போகலாம், “பாடல்” என்று கேட்டால் “பாடல்கள்” தப்பிப் போகலாம். இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மூன்றாவதாக “ஆத்திச்சூடி” என்று ஒற்றுப் போட்டுக் கேட்பேன். இரண்டு வழியிலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? ஒற்றுப் போட்டால் ஒரு பட்டியல், போடாவிட்டால் வேறு பட்டியல் என்று வந்தால், அந்தப் பெட்டி எழுத்துக்கு எழுத்து பார்க்கிற கறார் ஆசாமி. இதற்கெல்லாம் இரண்டு நிமிடம்தான். பிறகு ஒரு மணி நேரம் மிச்சம்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டி எதற்குள் தேடுகிறது? பெரும்பாலான மின்னூலகங்களில் அது தேடுவது புத்தகத்துக்குள் அல்ல, புத்தகத்தைப் பற்றி எழுதிவைத்த குறிப்புக்குள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, அவ்வளவுதான். எங்கள் காலத்து நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுதிவைத்த அட்டையில் இருந்த அதே விவரம். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் சும்மா தேடினால் குறிப்புகளுக்குள்தான் தேடும். புத்தகத்தின் உள்ளே இருக்கும் வரிகளில் தேட வேண்டுமானால் அதற்கென்று தனித் தேர்வு இருக்கிறது, அதைத் தொட வேண்டும். ஆனால் அதை ரொம்பவும் நம்ப வேண்டாம். ஸ்கேன் செய்த பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் எழுத்துகளைப் படித்தெடுக்கும்போது பழைய அச்சில் தடுமாறும். துணைக்காலை ‘ர’ என்று படித்துவைக்கும்.

ஒற்றும் ஔவையும்

தமிழில் தேடுகிறவர்களுக்கு உண்மையான தலைவலி இங்கேதான். பெட்டிக்கு எழுத்து தெரியும், சந்தி தெரியாது. “தமிழ்ப் பயிற்சி”, “தமிழ் பயிற்சி”, “தமிழ்ப்பயிற்சி” மூன்றும் நமக்கு ஒன்று. அதற்கு மூன்று. “பாடப்புத்தகம்”, “பாட புத்தகம்”, “பாடநூல்” கதையும் இதுதான். பட்டியல் அடித்தவர் எந்தக் கட்சி என்று நமக்கு எப்படித் தெரியும்? ஆகவே சொற்களை ஒட்டி எழுதாமல் பிரித்து, ஒற்று விழாத சொல்லாகப் பார்த்துத் தட்டுங்கள். “எழுத்துப்பயிற்சி” என்பதைவிட “எழுத்து” என்று மட்டும் கேட்டு, வருவதைக் கண்ணால் சலித்துவிடலாம். சலிப்பது மனுஷ வேலை. அதைப் பெட்டியிடம் ஒப்படைக்காதீர்கள்.

ஔவையார் விஷயம் இதைவிட வேடிக்கை. ‘ஔ’ என்பது ஓர் எழுத்து. ஆனால் இணையத்தில் பல இடங்களில் ‘ஒ’ ஒன்றும் ‘ள’ ஒன்றுமாக இரண்டு எழுத்தை அடுத்தடுத்து அடித்து “ஒளவையார்” என்று வைத்திருப்பார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். பெட்டிக்கு இரண்டு பேரும் வேறு வேறு கிழவிகள். ஔவையாரைத் தேடினால் இரண்டு விதமாகவும் தட்டிவிடுங்கள்.

வெளிநாட்டுப் பெயர் வந்தால் இன்னும் கஷ்டம். ஜெர்மனியிலிருந்து 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய பாதிரியார், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர், தமிழுக்கு லத்தீன் மொழியில் ஓர் இலக்கணமும் எழுதினார். 1716இல் ஜெர்மனியில் ஹாலே நகரில் அச்சானது. அவர் பெயரை ஒருவர் சீகன்பால்கு என்று எழுதுகிறார், ஒருவர் சீகன்பால்க் என்கிறார், ஒருவர் ஸீகன்பால்க் என்கிறார். இந்த மாதிரி இடத்தில் பெயரை விட்டுவிட்டு ‘தரங்கம்பாடி’ என்று ஊரைப் பிடிப்பது நல்லது. (பெரியம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “அப்ப அந்த ஊர்க்காரங்களுக்குத் தமிழ் வரும்னு சொல்லு” என்றார்.)

தமிழ்ப் புத்தகத்துக்கே தலைப்பை ஆங்கில எழுத்தில் அடித்துவைத்திருப்பதும் உண்டு. டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா திட்டத்தில் ஸ்கேன் செய்த ஏராளமான பழைய நூல்கள் ஆர்க்கைவ் தளத்தில் அப்படித்தான் கிடக்கின்றன. ‘இலக்கணம்’ என்பதற்கு ஒரு ‘கே’ போட்டிருப்பார்கள், இரண்டும் போட்டிருப்பார்கள். ‘ழ’வுக்கு ‘இசட் எச்’ வரும், வெறும் ‘எல்’லும் வரும். ‘பாடம்’ என்பதில் ‘ஏ’ ஒன்றா இரண்டா என்பது அன்றைக்கு அடித்தவர் இஷ்டம். தமிழில் கேட்டுக் கிடைக்காவிட்டால் “இல்லை” என்று முடிவு கட்டாமல், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

எந்த ஊர்ச் சொல்லில் கேட்பது

மூன்றாவது நாள்தான் எனக்கு இது உறைத்தது. நான் தேடியதெல்லாம் “ஒன்றாம் வகுப்பு தமிழ்”. நம் ஊர்ப் பாடநூல் கழகத்துப் புத்தகம் கிடைத்தது. நல்ல புத்தகம், 2018இல் புதிதாக வந்தது, வண்ணப்படம் எல்லாம் உண்டு. ஆனால் அது வீட்டிலும் தெருவிலும் தமிழிலேயே பேசி வளரும் பிள்ளைக்காக எழுதியது. பாட்டியோடு வாரம் ஒருதரம் வீடியோ காலில் பேசும் பிள்ளைக்கு அதில் பாதி புரியாது.

வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற அனுபவம் மற்ற நாட்டுத் தமிழர்களிடம் நிறைய இருக்கிறது. அவர்கள் சொல்லில் கேட்டால்தான் அது வெளியே வரும். நமக்கு ‘வகுப்பு’. இலங்கையில் ‘தரம்’. மலேசியாவில் ‘ஆண்டு’. சிங்கப்பூரில் ‘தொடக்கநிலை’. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற ஈழத் தமிழர் மின்னூலகத்தில் “வகுப்பு” என்று தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவதில் பிரயோசனமில்லை, “தரம்” என்று கேட்க வேண்டும். ஜெர்மனியில் ஈழத் தமிழர்கள் தமிழாலயம் என்ற பெயரில் பள்ளிகள் நடத்துகிறார்கள். அவர்கள் எழுத்தில் அந்த நாடு ‘யேர்மனி’, அல்லது ‘ஜேர்மனி’. நாம் எழுதுகிற மாதிரி தேடினால் பக்கத்துத் தெருவில் பள்ளி இருந்தாலும் கண்ணில் படாது. பெரியம்மா மகனுக்கு இந்த இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். அவர்கள் ஊரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்தில் ஒரு பள்ளி இருப்பது அப்புறம்தான் அவருக்கே தெரிந்தது.

இதேபோலக் காலத்துக்கும் சொல் மாறும். இன்றைக்கு ‘எழுத்து அறிமுகம்’ என்று போடுவதைப் பழையவர்கள் ‘அரிச்சுவடி’ என்றார்கள், அதற்கு அடுத்த படியை ‘பாலபாடம்’ என்றார்கள். குழந்தைப் பாட்டு என்றால் ‘மழலைப் பாடல்கள்’, ‘சிறுவர் பாடல்கள்’, ‘பாப்பா பாட்டு’ எல்லாமும் கேட்டுப் பாருங்கள். நாம் எப்படிக் கேட்போம் என்பதை மறந்துவிட்டு, அந்தப் புத்தகத்தைப் போட்டவர் அட்டையில் என்ன எழுதியிருப்பார் என்று யோசிப்பதுதான் வேலை.

நேரே போக வேண்டிய இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இல் தொடங்கியது. அதில் மழலைக் கல்வி என்று ஒரு பகுதி இருக்கிறது. சான்றிதழ்க் கல்வியில் அடிப்படைநிலை, இடைநிலை, மேல்நிலை என்று படிகள் இருக்கின்றன. வெளிநாட்டுத் தமிழர்களை மனத்தில் வைத்துச் செய்தது என்பதால் எங்கள் காரியத்துக்கு அதுதான் பொருந்தியது. அங்கே பெட்டியில் தட்டாமல் பட்டியல் வழியாக இறங்கிப் போவது சுலபம்.

இடதுபக்கத்து ஃபில்டர்

தேடி முடித்ததும் பல தளங்களில் ஓரமாக மொழி, ஆண்டு, வகை என்று கட்டம் கட்டமாக இருக்கும். போனில் அது ஒரு சின்னக் குறிக்குள் ஒளிந்திருக்கும். யாரும் தொடுவதில்லை. எனக்கு அதைப் பார்த்ததும் எங்கள் சீர்காழிக்காரர் ஞாபகம்தான் வந்தது. 1892இல் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன், நூலகப் புத்தகங்களை வகைப்படுத்த 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் ஒரு புத்தகத்தை ஒரே பெட்டியில் அடைக்காமல், பொருள் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம், காலம் ஒரு பக்கம் என்று கூறுகூறாகப் பிரித்தார். ‘கோலன்’ என்றால் நம் முக்காற்புள்ளி. இன்றைக்கு ஃபில்டரில் ஒவ்வொன்றாகத் தட்டிக் குறைக்கிறோமே, அதே யோசனை. “வாசகரின் நேரத்தைச் சேமி” என்பது அவர் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அதே 1931இல்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டு ஃபில்டரைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். காரணம் எழுத்துச் சீர்திருத்தம். 1978இல்தான் தமிழ்நாடு அரசு அதை ஏற்றது. அதற்கு முந்தைய அச்சில் லை, ளை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கையோடு இருக்கும். றா, ணா, னா மூன்றும் சுருட்டிக்கொண்டு வேறு வடிவத்தில் நிற்கும். எனக்கும் உங்களுக்கும் அது அழகு. புதிதாக எழுத்து கற்கும் பிள்ளைக்குக் குழப்பம். நான் முதலில் எடுத்த ஒரு படப்புத்தகம், முயலும் ஆமையும் அவ்வளவு அருமையான படங்கள், ஐம்பதுகளில் அச்சடித்தது. அனுப்பிய மறுநாளே ஜெர்மனியிலிருந்து கேள்வி வந்துவிட்டது, “இது என்ன எழுத்து?” என்று. அதிலிருந்து 1985க்கு முந்தையதை ஃபில்டரிலேயே கழித்துவிடுகிறேன்.

மொழி ஃபில்டரில் மட்டும் ஜாக்கிரதை. ஏற்றியவர் மொழியைக் குறிக்காமல் விட்டிருந்தால் நல்ல புத்தகமும் அதில் விழுந்துவிடும். முதலில் அதைப் போடாமல் ஒரு சுற்றுப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் கொட்டினால் மட்டும் போடுங்கள்.

பெட்டியே சரியில்லை என்றால்

சில தளங்களில் உள்ளே இருப்பது தங்கம், தேடுபெட்டி துரு. என்ன தட்டினாலும் முகப்புப் பக்கத்துக்கே கொண்டுவந்து விடும். அப்போது கூகுளை வேலைக்காரராக வையுங்கள். கூகுளில் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் அந்தத் தளத்தின் முகவரியை அடித்து, ஓர் இடம் விட்டு உங்கள் சொல்லை எழுதுங்கள். அந்தத் தளத்துக்குள் மட்டும் தேடிக் கொடுக்கும்.

ஒரு சொற்றொடர் அப்படியே வேண்டுமென்றால் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல ஒரு கழித்தல் குறி. எனக்கு இந்தக் கழித்தல் குறி ஒரு வரம். “தமிழ் எழுத்து பயிற்சி” என்று எதைக் கேட்டாலும் போட்டித்தேர்வுக் கையேடுகள்தான் முன்னால் வந்து நிற்கும். டிஎன்பிஎஸ்சி, டெட், வினா விடை என்ற மூன்றையும் கழித்துவிட்டேன். குறுவை அறுத்த வயல்போலப் பக்கம் பளிச்சென்று ஆகிவிட்டது.

கிடைத்ததும் திறந்து பாருங்கள்

பச்சை நிறப் பெரிய பொத்தானைத் தொடாதீர்கள் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டாம். விளம்பரம் அப்படித்தான் இருக்கும். உண்மையான இணைப்பு பொதுவாகச் சின்ன எழுத்தில், பிடிஎஃப் என்ற பெயரோடும் கோப்பின் அளவோடும் இருக்கும்.

பிடிஎஃப் இறங்கியதும் உள்ளே ஒரு தமிழ்ச் சொல்லை அழுத்திப் பிடித்து காப்பி எடுத்து, வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை. அந்தக் கோப்புக்குள்ளும் தேடலாம், சொல்லை எடுத்து அகராதியிலும் போடலாம். ஆங்கில எழுத்தாக வந்தால் பழைய எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருந்தால் ‘தமிழ்’ என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து விழும். வாசிக்க ஒரு குறையுமில்லை, தேடுவதற்கு மட்டும் ஆகாது. தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றதே 2010இல்தான். அதற்கு முந்தைய கோப்புகள் பலவற்றில் இந்தச் சங்கடம் உண்டு. எதையும் தொட்டுப் பிடிக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம்.

ஒலிக்குத் தனியாக அலைய வேண்டாம். புதிய பாடநூல்களில் பக்க ஓரத்தில் கியூஆர் கோடு இருக்கிறது, போனைக் காட்டினால் காணொளி வரும். ல, ள, ழ மூன்றையும் பாட்டியே போனில் சொல்லிக்கொடுப்பது அதைவிட நல்லது என்பது என் கட்சி.

கடைசியில் பெரியம்மாவுக்கு நான் எடுத்துக் கொடுத்தவை நான்கே கோப்புகள்தான். ஒவ்வொன்றுக்கும் “1 எழுத்து”, “2 பாட்டு” என்று பெயர் மாற்றி, எந்தத் தளத்தில் என்ன சொல்லைத் தட்டி எடுத்தேன் என்பதைப் பழைய நூலக அட்டை ஒன்றின் பின்புறம் எழுதி வைத்துக்கொண்டேன். இது ரொம்ப முக்கியம். ஒரு மாதம் கழித்து அடுத்த பாகம் வேண்டும் என்பார்கள், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதே மறந்துபோயிருக்கும்.

பங்குனியில் பெரியம்மா மறுபடியும் வந்தார். பேத்தி ‘ங’ வரைக்கும் எழுதிவிட்டதாம். ‘ங’வில் ஆரம்பிக்கிற சொல் ஒன்று சொல்லு என்று பாட்டியை மடக்கியிருக்கிறது. “ஔவையார் பாட்டுல ஒண்ணு வருமேம்மா, வளைன்னு, அதைப் படத்தோட எடுத்துக் குடு” என்றார். “ஙப்போல் வளை” என்று தட்டினேன், ஒன்றுமில்லை. “ஙப் போல் வளை” என்று பிரித்துத் தட்டினேன், உரை வந்தது, படமில்லை. பெரியம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார், “அந்த ஒத்தை எடுத்துட்டுப் போடு.” ‘ப்’பை நீக்கினேன். நாலாவதாக வந்தது ஒரு படத்தோடு இருந்தது.